குளியல் வண்டி

கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே இருபத்தேழு வருடம் வேலையும் பார்த்தவர் இராஜமாணிக்கம். அப்பா திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து ரயில்வே பியூனாக வங்காளத்துக்கு வந்தவர். மகன் கப்பல் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் குழாய் ஃபிட்டராகச் சேர்ந்தார். கப்பலின் வயிற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு குழாய், எண்ணெய்க்கு ஒரு குழாய், நீராவிக்கு ஒரு குழாய் என்று ஓடும். நிமிர்ந்து உட்கார முடியாத இடத்தில் மல்லாந்து படுத்து அவற்றை இணைக்க வேண்டும். அவருக்கு ஐம்பத்தைந்து ஆனபோது ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் இளையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் இரண்டு வருடம் பெஹாலாவில் வாடகை வீட்டில் சும்மா இருந்தார். மனைவி பூங்கோதை லேக் மார்க்கெட்டில் ஒரு சிற்றுண்டிக் கடைக்குத் தினமும் இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மாவுத் தூக்கை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதுதான் இராஜமாணிக்கத்தின் வேலை. கடைக்காரருக்கு அவர் ஃபிட்டர் என்பது தெரியும். கடைக்காரர் சொல்லித்தான் அனுராதா இவரைத் தேடி வந்தாள்.

அனுராதாவின் கணவர் மத்திய அரசு அதிகாரி, மாற்றலில் வந்தவர். அவள் நாலைந்து பேருடன் சேர்ந்து சிறியதாக ஒரு அறக்கட்டளை நடத்திவந்தாள். கடை வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

“டாலிகஞ்ச்ல ஒரு சினிமா கம்பெனிகிட்டேருந்து பழைய கேரவன் ஒண்ணு வாங்கியிருக்கோம் சார். நடிகை உட்கார்றதுக்கு வெச்சிருந்த வண்டி. அதுல மூணு குளியலறை கட்டியிருக்கோம். நடைபாதையில இருக்கற பொண்ணுங்க வந்து குளிச்சுட்டுப் போகணும், அதுக்குத்தான். ஆனா தண்ணி ஒழுங்கா வரமாட்டேங்கறது. ரெண்டு மிஸ்திரி பார்த்தாச்சு.”

“எங்க நிக்குது வண்டி?”

“காளிகாட்ல.”

மாவுத் தூக்கைக் கடைக்குள் வைத்துவிட்டு அப்போதே கிளம்பினார்.

வண்டி கோவிலுக்குப் போகும் ஒரு கிளைத்தெருவில் நின்றிருந்தது. ஓட்டுநர் பிரிட்டோ தூத்துக்குடிக் குடும்பம். பிறந்தது கிதிர்ப்பூரில். தமிழ் பேசத் தொடங்கி வங்காளியில் முடிப்பவன். டோக்கன் கொடுக்கவும் உள்ளே துடைக்கவும் பூர்ணிமா என்று ஓர் அம்மாள். முப்பது, நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு அவருக்கு வண்டியின் நோயைச் சொன்னவள் குளிக்க வந்தவர்களில் ஒருத்தியான ஷெஃபாலிதான். முப்பது வயதிருக்கும். கோவில் வாசலில் செம்பருத்தி மாலை கட்டி விற்பவள். காளிகாட் பாலத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கை. பாதி நனைந்த தலையோடு இறங்கி வந்தவள், புது ஆள் கையில் ஸ்பானரைப் பார்த்ததும் நேராக அவரிடம் வந்து, அண்ணன் முறை வைத்து வங்காளியில் ஆரம்பித்தாள்.

“மிஸ்திரி-தா, பக்கத்து அறையில குழாயத் திறந்தா எனக்கு நின்னுபோகுது. தலையெல்லாம் சோப்பு. கண்ணத் திறக்க முடியல. கதவத் தட்டி, ‘கொஞ்சம் மூடு தீதி, கொஞ்சம் மூடு தீதி’ன்னு கத்திக்கிட்டே குளிக்கணுமா? அதுக்குத் தெருக்குழாயே மேல்.”

“எந்த அறை உங்களுக்கு?”

“நடு அறை. கடைசி அறை இன்னும் மோசம்.”

அன்று பெண்கள் எல்லோரும் போன பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். நோய் உடனே பிடிபட்டது. வண்டித் தரைக்குக் கீழே அறுநூறு லிட்டர் தொட்டி. அதிலிருந்து பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப். பம்பிலிருந்து ஒரே ஒரு மெல்லிய குழாய் முதல் அறைக்குப் போய், அங்கிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு. முதல் அறைக்காரி குழாயைத் திறந்தால் மற்ற இருவருக்கும் அவள் விட்டதுதான் மிச்சம். போதாததற்கு, பம்ப் நொடிக்கொரு தரம் ஓடி நின்று ஓடி நின்றது. தண்ணீரும் விக்கலெடுத்த மாதிரி வந்தது.

அடுத்த பத்து நாளில் இராஜமாணிக்கம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். பம்பிலிருந்து வரும் குழாயைப் பெரிதாக்கி, மூன்று அறைகளையும் சுற்றித் திரும்பப் பம்புக்கே வரும்படி வளையமாகக் கட்டினார். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரும். பம்பை அடுத்து, உள்ளே ரப்பர் பையில் காற்றடைத்த சிறு உருளை ஒன்றைப் பொருத்தினார். பம்ப் நின்றாலும் அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், விக்கல் போய்விட்டது. ஷவர் தலைகளை எடுத்துவிட்டு ஊசித்துளை உள்ளவற்றைப் போட்டார். நிமிடத்துக்கு ஏழு லிட்டர் கொட்டிய இடத்தில் இப்போது இரண்டு லிட்டர்தான். ஆனால் தலையில் விழும்போது குறைவாகத் தெரியாது. ஒருத்திக்கு ஆறு நிமிடம், பன்னிரண்டு லிட்டர். முப்பதாவது ஆளோடு முடிந்துபோய்க்கொண்டிருந்த தொட்டி, துடைக்கக் கழுவ ஆவது போக, இனி நாற்பத்தைந்து பேரைத் தாங்கும்.

வேலை முடிந்த அன்று, மூன்று அறைகளிலும் ஒரே மாதிரி வாளியை வைத்து, பிரிட்டோவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி, மூன்றையும் ஒன்றாகத் திறந்தார். ஐந்து நிமிடம் கழித்து மூடி, வாளிகளை வெளியே எடுத்துவந்து வரிசையாக வைத்தார்கள். மூன்றிலும் நீர்மட்டம் ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

“காக்கு, நீங்க மாயக்காரர், ஜாதூகர்,” என்றான் பிரிட்டோ. சித்தப்பா முறையில் அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவான்.

இராஜமாணிக்கம் குனிந்து மூன்று வாளிகளிலும் விரலை வைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போய் பூங்கோதையிடம் அதை இரண்டு தடவை சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, “ஒரு விரல்கூடப் பிசகல, அதானே? மூணாவது தரம் சொல்லாதீங்க, சோறு ஆறுது” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் வண்டியின் ஆளாகிவிட்டார். விடிந்ததும் பிரிட்டோவும் அவரும் டைம்-கோலில், அதாவது நேரம் வைத்துத் தண்ணீர் விடும் மாநகராட்சிக் குழாயில், ஹோஸ் பைப்பைச் செருகித் தொட்டியை நிரப்புவார்கள். ஒன்பது மணிக்குக் காளிகாட். வண்டிக்கு வெளியே, பம்புப் பெட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். பெண்கள் குளிக்கும் நேரத்தில் ஆண் எவனும் படியேறக் கூடாது என்பது அவரே வைத்த விதி. அனுராதாவின் கணவர் ஒருநாள் விருந்தினர்களை அழைத்துவந்து காட்ட ஏறியபோதுகூட, கையை நீட்டி நிறுத்தி, “மன்னிக்கணும் சார், பன்னெண்டு மணிக்கு மேல வாங்க” என்றார். பெண்களுக்கு அது தெரியவந்தது. அன்றிலிருந்து யாரோ ஒருத்தி அவருக்கு மண்குவளையில் டீ வாங்கிவந்து வைப்பது வழக்கமாயிற்று. பெரும்பாலும் அது ஷெஃபாலி.

“நடு அறை எப்படி இருக்கு?” என்று கேட்பார்.

“வெளியே வரவே மனசு வரல, மிஸ்திரி-தா. ஆறு நிமிஷத்த பத்தாக்குங்களேன்.”

“பத்தாக்கினா பதினஞ்சு பேரு குளிக்காமப் போகணும்.”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

டிசம்பரில் குளிர் வந்தது. வயதானவர்கள் வருவது நின்றது. அனுராதா யார் யாரையோ கேட்டு ஐம்பது லிட்டர் கீசர் ஒன்றும் அதை ஓட்ட ஜெனரேட்டரும் வாங்கினாள். இராஜமாணிக்கமே பொருத்தினார். வெந்நீர் பின்னால் திரும்பித் தொட்டிக்குப் போகாமலிருக்க ஒரு வால்வு. அழுத்தம் அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிட ஒரு பாதுகாப்பு வால்வு. அதன் வாயிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு அடியில் தெருவைப் பார்க்க விட்டார். எல்லாம் முறைப்படிதான் செய்தார்.

ஆனால் தண்ணீர் சூடேறினால் விரியும். பின்னால் போக வழியில்லாத தண்ணீர் பாதுகாப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு சொட்டியது. சில நாளில் உப்புப் படிந்து அந்த வால்வு சரியாக மூடாமலும் போயிற்று. சொட்டுவது நூலாக ஒழுக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு வாளி. ஒருத்தியின் குளியல் அப்படியே தெருவில் போனது.

அந்த நூல் ஓடிப்போய் நின்ற இடம் ஒரு பேடா கடையின் வாசல். கடைக்காரர் முதல் நாள் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் நாள் சத்தம் போட்டார்.

“சாமி கும்பிட வர்றவங்க வெறுங்காலோட வர்றாங்க. தெருவுல கிடக்கறவளுங்க குளிச்ச அழுக்கு என் வாசல்ல ஓடுது.”

“தாதா, அது குளிச்ச தண்ணி இல்ல. குளிச்ச தண்ணிக்கு உள்ள தனித் தொட்டி இருக்கு. இது சுத்தமான தண்ணி. கையில புடிச்சுப் பாருங்க,” என்று இராஜமாணிக்கம் குனிந்து உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். கடைக்காரர் பார்க்கவில்லை. சாயங்காலம் பாடாவின், அதாவது அந்தப் பேட்டையின், கிளப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கோபமாகப் பேசவில்லை. ஒழுகுகிற வண்டியை நாளையிலிருந்து இங்கே நிறுத்த வேண்டாம், ஒழுகல் நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்குத் தெரியும். பம்புக்குப் பக்கத்தில் வைத்ததுபோல கீசருக்குப் பக்கத்திலும் காற்று உருளை ஒன்று வைக்க வேண்டும், பாதுகாப்பு வால்வைப் புதிதாக மாற்ற வேண்டும். அரை நாள் வேலை, ஒரு நாள் வண்டி நிற்க வேண்டும். பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. கடுங்குளிர். வரிசையில் ஐம்பது பேர்.

மறுநாள் காலை, பித்தளை பிளக் ஒன்றை எடுத்து, பாதுகாப்பு வால்வின் வாயில் முறுக்கி அடைத்தார்.

விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டோ குனிந்து பார்த்தான். “காக்கு, அது சேஃப்டி வால்வுதானே?”

“ஆமா. ஞாயித்துக்கிழம உருளையும் வெச்சு, வால்வும் மாத்திடறேன். நாலு நாளுதான். கீசர் சூடு தானா நிக்கும், பயப்பட வேண்டாம்.”

கப்பலில் இப்படி ஒரு காரியத்தை எவனாவது செய்திருந்தால் அவனை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பியிருப்பார். அதை அவரே பிற்பாடு பல பேரிடம் சொன்னார். அன்றைக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஒழுகல் நின்ற தரையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா. அனுராதா சொல்லி, இராஜமாணிக்கத்துக்கு மேடையில் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. வண்டி வேலை இருக்கிறது என்று அவர் தயங்கினார்.

“திங்கக்கிழம பண்ணிக்கக் கூடாதா?” என்றாள் பூங்கோதை. “இத்தன வருஷத்துல உங்கள யாரு மேடைல கூப்பிட்டாங்க?”

போனார். ஒரு விரலும் பிசகாத மூன்று வாளிகளைப் பற்றி அனுராதா மைக்கில் சொன்னாள். கைதட்டினார்கள். திங்கட்கிழமை பேட்டரி மக்கர் செய்ததில் பொழுது போயிற்று.

செவ்வாய்க்கிழமை பூர்ணிமாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. பிரிட்டோ தெருவில் நின்று டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். பத்தே கால் மணி இருக்கும். உள்ளே மூன்று பேர். நடு அறையில் ஷெஃபாலி.

முக்காலியில் உட்கார்ந்திருந்த இராஜமாணிக்கத்துக்கு முதலில் கேட்டது, வண்டியின் சுவருக்குள் யாரோ சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து சீறல். அதற்கு மேல் அலறல்.

கீசரின் சூட்டை நிறுத்தும் கருவி ஒட்டிக்கொண்டுவிட்டது. நிற்க வேண்டிய சூடு நிற்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர் கொதிநிலையையும் தாண்டி அடைபட்டுக் கிடந்திருக்கிறது. பாதுகாப்பு வால்வு திறந்து தெருவில் கக்கியிருக்க வேண்டும். அதன் வாயில்தான் பிளக் இருந்தது. கடைசியில் நடு அறையில் தோள் உயரத்திலிருந்த வெந்நீர் இணைப்புக் குழாய் மரையோடு பிடுங்கிக்கொண்டது.

அவர் பாய்ந்து பம்பை நிறுத்தினார். சீறல் நிற்கவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினார். அப்போதும் நிற்கவில்லை. கீசருக்குள்ளிருந்த அழுத்தமே தள்ளிக்கொண்டிருந்தது. வெந்நீரை மூடும் வால்வு உள்ளே, நடையில். படியில் ஒரு காலை வைத்தார். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் ஓரத்து அறைகளிலிருந்து இரண்டு பெண்கள் துணியில்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர் நின்றுவிட்டார். “ஷெஃபாலி, வெளிய வா, கதவத் திற” என்று படியிலிருந்தே கத்தினார். ஆவியில் அவளால் தாழ்ப்பாளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவை அறைகிற சத்தம் மட்டும் வந்தது.

எவ்வளவு நேரம் படியில் நின்றோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து நொடி என்கிறான் பிரிட்டோ. அதற்குப் பிறகு உள்ளே ஓடி, வால்வை மூடி, கதவை உதைத்துத் திறந்தார். அவளைத் தூக்கும்போது அவர் முழங்கை வரை வெந்தது. அவளுக்கு இடது தோள், முதுகு, கழுத்தின் பின்புறம்.

அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டில் சேர்த்தார்கள். ஈரப் போர்வையோடு தன்னைச் சுமந்துவந்தவர் யாரென்று அன்றைக்கு ஷெஃபாலிக்குத் தெரியாது. அவள் நினைவில்லாமல் இருந்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கைகளோடு வண்டிக்கு வந்தார் இராஜமாணிக்கம். போலீஸ்காரர் ஒருவரும் காப்பீட்டு ஆள் ஒருவரும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இணைப்புக் குழாய் தரமில்லாதது, அதனால் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள் என்றான் பிரிட்டோ.

“பிளக்கப் பார்க்கலையா?”

பிரிட்டோ சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டான். “நேத்தே கழட்டிட்டேன், காக்கு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

இராஜமாணிக்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

அனுராதாவிடம் போய்ச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சார், இத நீங்க இப்போ சொன்னா வண்டிய நிறுத்திடுவாங்க. நான் உங்களக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல. நாப்பத்தஞ்சு பேர் தினமும் வர்றா. அந்தப் பொண்ணோட வைத்தியத்த நாங்க பார்த்துக்கறோம். கீசர எடுத்துடலாம். பச்சத் தண்ணியே விடலாம். நீங்க வாயத் திறக்காம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது.”

அவள் சொன்னதில் தவறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை வாட்டியது. இரண்டு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தார். பூங்கோதை ஊட்டிவிட்டாள். “நான்தான் மேடைக்குப் போகச் சொன்னேன்” என்று ஒருநாள் சொன்னாள். “நீ சொல்லாட்டியும் போயிருப்பேன்” என்றார் அவர்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், மருத்துவமனைக்குப் போனார். ஷெஃபாலி குப்புறப் படுத்திருந்தாள். தலையணையில் கன்னத்தை வைத்தபடி அவரைப் பார்த்தாள்.

“மிஸ்திரி-தா,” என்றாள். “கை ஆறிடுச்சா?”

அவர் நின்றபடியே சொன்னார். வண்டி ஒழுகியது, கடைக்காரர் சத்தம் போட்டது, தான் அடைத்தது, ஞாயிற்றுக்கிழமை மாற்றாதது, படியில் நின்றது. எல்லாவற்றையும் வரிசையாக, அவருக்குத் தெரிந்த வங்காளியில். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகினார்கள். நர்ஸ் வந்து ஒரு பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள்.

“குழாய்தான் கெட்டுப்போச்சுன்னு அனுராதா தீதி சொன்னாங்களே.”

“இல்ல. நான்தான்.”

“இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க?”

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவளே தொடர்ந்தாள்.

“நான் மல்லாந்து படுத்து ஒரு மாசம் ஆச்சு. குழாயத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். அது சுலபமா இருந்துச்சு. இப்போ உங்களத் திட்டணுமா? நீங்க எனக்கு நல்லதத்தான் செஞ்சீங்க. எனக்கு இதையும் சுமக்கத் தெம்பில்ல, தாதா. போங்க.”

அவள் முகத்தை மறுபக்கம் திருப்ப முயன்றாள். கழுத்து திரும்பவில்லை. கண்களை மூடிக்கொண்டாள். அவர் வெளியே வந்தார்.

அன்று மருத்துவமனைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாரம் இறங்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் பாரத்தில் பாதியை அந்தப் பெண்ணின் வெந்த முதுகில் வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. ஆனாலும் சொல்லத் தொடங்கியதை அவரால் நிறுத்த முடியவில்லை. மறுவாரம் அறக்கட்டளைக்காரர்கள் கூடியபோது, அழைக்காமலே போய் நின்று, அங்கும் சொன்னார். அனுராதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒருவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வழக்கு வந்தால் எல்லோர் பெயரும் வரும் என்று பேசிக்கொண்டார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிவாயிற்று: வண்டி இனி ஓடாது.

காவல் நிலையத்துக்கும் போனார். எழுத்தர் பாதி கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணு புகார் குடுத்தாளா?” என்று கேட்டார். இல்லை. “செத்துட்டாளா?” இல்லை. “அப்போ எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தேவைப்பட்டா கூப்பிடறோம்.” எழுதிக் கொடுத்தார். கூப்பிடவேயில்லை. யாராவது தன்னை இழுத்து உட்கார வைத்து, இதுதான் உன் தண்டனை என்று சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கினார். அதற்கு யாருக்கும் நேரமில்லை.

பிரிட்டோவுக்கு வேலை போனது. இப்போது பார்க் சர்க்கஸ் பக்கம் பள்ளி வண்டி ஓட்டுகிறான். வண்டி நின்ற தெருவுக்கு இராஜமாணிக்கம் ஒருநாள் காலை போனார். கேரவன் நின்ற இடத்தில் இரண்டு டாக்ஸிகள். முன்பு வரிசையில் நின்ற பெண்களில் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சொன்னதால்தான் வண்டி நின்றது என்பது எப்படியோ அவர்களுக்கும் எட்டியிருந்தது.

“உங்களச் சொல்லச் சொன்னது யாரு?” என்றாள் ஒரு கிழவி. “நீங்க சொன்னதால அவ முதுகு ஆறிடுச்சா? நாங்க இப்ப நாலு மணிக்கு இருட்டோட இருட்டா எழுந்து, புடவையோட டைம்-கோல்ல உக்காந்து குளிக்கறோம். லாரிக்காரனுங்க விளக்கப் போட்டுப் பார்க்கறானுங்க.”

அவர் கைகளைக் கூப்பினார். கிழவி கோபத்தோடு நகர்ந்துவிட்டாள். வேறொருத்தி மட்டும், ஷெஃபாலி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், இங்கே இருக்க முடியாமல் கேனிங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னாள். இடது கையை உயர்த்த முடியவில்லை, வெயில் பட்டால் முதுகு எரிகிறது, கோவில் வாசலில் உட்கார்ந்து மாலை கட்ட முடியவில்லையாம்.

ஏப்ரலில் அனுராதாவின் கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. போவதற்குமுன் தொலைபேசியில், “உங்கள நான் தப்பா நினைக்கல சார். ஆனா நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்னு தினமும் நினைக்கறேன்” என்றாள். கேரவனை யாரோ சில்லறையாகப் பிரித்து விற்பதற்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

மே மாதத்தில் மூன்று தடவை சியால்தா ஸ்டேஷனுக்குப் போனார். மூன்று தடவையும் கேனிங் லோக்கல் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். பூங்கோதைக்குத் தெரிந்தது. நான்காவது தடவை மாவு அரைக்காமல் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“அவ போகச் சொன்னாள்ல. மறுபடியும் ஏன் போகணும்?” என்று கேட்டார் அவர்.

“மன்னிப்புக் கேக்க வேண்டாம். ஒண்ணும் கேக்க வேண்டாம். எப்படி இருக்கான்னு பாத்துட்டு வருவோம். நீங்க இந்த ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமா செத்துக்கிட்டிருக்கீங்க.”

கேனிங்கில் இறங்கி, டோட்டோ என்ற பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறி, விசாரித்து விசாரித்துப் போனார்கள். அக்காவின் வீடு குளக்கரையில் தகரம் வேய்ந்த ஒற்றை அறை. ஷெஃபாலி வாசலில் உட்கார்ந்து ஒரு கையால் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையைப் பின்புறம் வெட்டித் தளர்த்தித் தைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். உரிக்கத் தெரியவில்லை. ஷெஃபாலி எப்படி என்று காட்டினாள்.

உரித்தது ஒரு குவியலானதும் ஷெஃபாலி தலை நிமிராமல் கேட்டாள்:

“வண்டி வருதா?”

“இல்ல. நிறுத்திட்டாங்க,” என்றார் இராஜமாணிக்கம்.

“எப்பலேர்ந்து?”

“நான் எல்லார்கிட்டயும் சொன்ன நாள்லேர்ந்து.”

ஷெஃபாலியின் கை நின்றது. “அப்ப பாலத்துக்குக் கீழ இருக்கறவங்கெல்லாம்?”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு உரித்த இறாலையெல்லாம் கூடையில் அள்ளிப் போட்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா வந்து, இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். அப்படிச் சொல்வது வழக்கம் என்பதற்காகச் சொன்னது அது என்று அவர்கள் இருவருக்கும் புரிந்தது. திரும்பும் ரயிலில் பூங்கோதையின் விரல்களில் இறால் முள் குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது இராஜமாணிக்கம் பெஹாலாவில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் காவலாளி. காலை ஆறு மணிக்குப் போய் மாலையில் திரும்புகிறார். மழைக்காலத்தில் ஒருநாள் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. பம்பு விட்டுவிட்டு ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. எங்கே கோளாறு என்பது கேட்டவுடனேயே அவருக்குத் தெரிந்தது. ஒரு கால் மணி நேர வேலை. மூன்றாம் மாடிப் பெரியவர் இறங்கி வந்தார்.

“நீங்க முன்னாடி குழாய் வேலை பார்த்தீங்கன்னு யாரோ சொன்னாங்களே. கொஞ்சம் பாருங்களேன்.”

“இல்ல சார். யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க,” என்றார் இராஜமாணிக்கம். “எனக்கு அந்த வேலை தெரியாது.”

பிளம்பருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பம்பு அறைப் பக்கம் போகாமல், கேட்டுக்கு வெளியே தெருவில் போய் நின்றுகொண்டார்.